எட்டு வருஷம் நின்ற வண்டியில் இழுவை எங்கே போனது?

அப்பாவின் பிக்கப் வண்டி எட்டு வருஷம் கொட்டகையில் நின்றது. 970 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைபோட்டு அனுப்பும் பெட்டி; பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடும் சின்ன மின் சுவிட்ச்). புதிதாக இருந்தபோதே 45 குதிரைத்திறன்தான். அதை ஸ்டார்ட் செய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பழைய இழுவையைக் கொண்டுவர நாலு மாதம் ஆனது.

ஸ்டார்ட் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி கிடைத்தவுடன் செல்ஃப் அடித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், அதை மட்டும் செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றினேன். முதல் சுற்று கரகரவென்று வந்தது, நாலாவது சுற்றில் வழுக்கிக்கொண்டு போனது. ஆயிலை மாற்றினேன். டைமிங் பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வயசை நினைத்து மாற்றிவிட்டேன். டயர் நாலும் புதுசு. பழைய டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். அதைப் படித்த பிறகு டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவே தோன்றவில்லை.

டேங்கில் இருந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. கடும் டீ நிறம், பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் வரும் வாடை. பெட்ரோலில் சட்டென்று பற்றிக்கொள்ளும் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். அந்தப் பிசின் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பழுப்பாக, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை உள்ள மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய துளை, பிறை மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் மின்னியது. கம்பியை விட்டுக் குத்தத் தோன்றும். ஜெட் பித்தளை, கம்பி பட்டுத் துளை ஒரு மயிரிழை அகலமானால்கூட அப்புறம் பெட்ரோல் கணக்கு சரிவராது. கிளீனரில் இரவு முழுக்க ஊறவைத்து, காற்று அடித்து எடுத்தேன். ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றினேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐட்லிங்கும் ஓரளவு நின்றது. ரோட்டுக்கு எடுத்ததும்தான் விஷயம் தெரிந்தது. அப்பா முழு லோடோடு மூன்றாவது கியரிலேயே ஏற்றிய மேட்டில், வெறும் வண்டி இரண்டாவது கியரில் மூச்சு வாங்கியது. பெடல் தரையில் கிடக்கிறது, சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "எஞ்சின் முடிஞ்சிருக்கும், இறக்கிப் பிரிச்சிடு." நான் பிரிப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க முடிவு செய்தேன். இந்த நாலு மாதத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அளக்க இரண்டு வழி வைத்துக்கொண்டேன். ஒன்று, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, கார்புரேட்டர் திராட்டிலை (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) முழுசாகத் திறந்து வைத்து, செல்ஃப் அடித்துப் பார்த்தேன். முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 150, 145, 105, 150 psi. மூன்றாவது சிலிண்டர்தான் இளைத்திருந்தது. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்தால் 140 காட்டியது. ஆயில் விட்டதும் ஏறுகிறது என்றால் கசிவு பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் பக்கம். வால்வு கசிந்தால் ஆயில் பெரிதாக உதவாது. நின்ற வண்டியில் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்வது சகஜம், ஓட ஓட விடுபடவும் வாய்ப்பு உண்டு. எப்படிப் பார்த்தாலும் நாலில் ஒரு சிலிண்டர் கொஞ்சம் இளைத்ததால் மட்டும் வண்டி இவ்வளவு சோர்ந்து போகாது.

இரண்டாவது, ஸ்டாப் வாட்ச். சமதரையில், மூன்றாவது கியரில், 40லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி? போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, சராசரி. நோட்டில் எழுதிய முதல் எண் 13.5. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான் செய்வது, செய்ததும் அளப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டேன். பின்பக்கம் இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் டிரம்மைக் கழற்றினால், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் இறுகிக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எட்டு வருஷ ஈரம் உள்ளேயிருந்தே இரும்பைத் தின்றிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் துருப்பிடித்து, விட்டாலும் முழுசாக விடவில்லை. பெரிய எஞ்சின் என்றால் இந்த இழுபறியை டிரைவருக்குத் தெரியாமலே விழுங்கிவிடும். 45 குதிரையில் நாலைந்து குதிரை பிரேக் ஷூவைச் சூடாக்கவே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வீல் சிலிண்டர்கள், கேபிள், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. 11.2 விநாடி.

அடுத்தது திராட்டில். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன்.

"நல்லா மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்ப்பா, தரை தட்டிடுச்சு."

"முழுசாவா?"

"முழுசாத்தான்ப்பா!"

அவள் முழுசாகத்தான் மிதித்தாள். கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடு முக்கால்வாசிதான் திறந்திருந்தது. கேபிள் தொய்ந்திருந்தது, பெடலுக்கு அடியில் தடியான மேட் வேறு. வருஷக்கணக்காகக் கால் சொன்னதை எஞ்சின் கேட்கவே இல்லை. கேபிளை இழுத்து அட்ஜஸ்ட் செய்தேன், மேட்டை எடுத்துவிட்டேன். 10.1 விநாடி. பைசா செலவில்லாமல் ஒரு விநாடிக்கு மேல் குறைந்தது.

இதற்கு அப்புறம் வந்த வேலைதான் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைமிங் லைட் வாங்கியிருந்தேன். ஸ்பார்க் விழும் ஒவ்வொரு தடவையும் மின்னி, அந்த நொடியில் புல்லியில் இருக்கும் குறி எங்கே நிற்கிறது என்று காட்டும். பாயிண்ட் இடைவெளியை 0.45 மில்லிமீட்டரில் வைத்து, அதன் பிறகு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, ஐட்லிங்கில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் இருக்கும்படி சரி செய்தேன். இந்த வரிசை முக்கியம்; பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங் நகர்ந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது என்று லைட்டை எடுத்துவைக்கப் போனவன், சும்மா ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே புல்லியைப் பார்த்தேன். குறி நகரவில்லை. நிமிஷத்துக்கு 1000 சுற்றில் இருந்த இடத்திலேயே 3000 சுற்றிலும் அசையாமல் நின்றது.

ஸ்பார்க் விழுந்தவுடன் பெட்ரோல் முழுக்க எரிந்து முடிந்துவிடாது, அதற்குச் சில மில்லி விநாடி பிடிக்கும். 800 சுற்றில் எஞ்சின் ஒரு மில்லி விநாடிக்குள் 5 டிகிரிகூடத் திரும்பாது. 3000 சுற்றில் அதே ஒரு மில்லி விநாடிக்குள் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால் வேகம் கூடக் கூட ஸ்பார்க்கும் முன்கூட்டியே விழ வேண்டும். இல்லாவிட்டால் தீ முழு பலத்துக்கு வருவதற்குள் பிஸ்டன் கொஞ்ச தூரம் கீழே ஓடியிருக்கும். அழுத்தம் வீணாகும், சூடு சைலன்சர் வழியே போய்விடும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இதைச் செய்வது இரண்டு சின்ன எடைக் கற்களும் இரண்டு ஸ்பிரிங்குகளும்தான். வேகத்தில் எடைகள் வெளியே விரியும், விரிந்து ஸ்பார்க்கை முன்னால் தள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரை விரலால் திருகிப் பார்த்தேன். ஒரு பக்கமாகக் கொஞ்சம் திரும்பி, விட்டால் ஸ்பிரிங்கில் திரும்பி வர வேண்டும். என்னுடையது கல் மாதிரி இருந்தது. பாயிண்ட் தகட்டைக் கழற்றினால் அடியில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகி, எடைகளை அப்படியே பிடித்து வைத்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் துடைக்கத் துடைக்க கறுப்பாகக் கரைந்து வந்தது. கால் மணி நேரத்தில் முதல் எடை அசைந்தது. இரண்டாவதும் விடுபட்டபோது இரண்டையும் விரலால் விரித்து விட்டேன். டிக் என்று மூடிக்கொண்டன. அந்தச் சத்தத்துக்காகவே ஐந்தாறு தடவை விரித்து விரித்து விட்டேன். எஞ்சினின் உறிஞ்சலை வைத்து ஸ்பார்க்கை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளும் வேக்குவம் யூனிட்டின் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தேன். நாக்கு இழுபட்டபடியே நின்றது, உள்ளே இருக்கும் சவ்வு (டயாஃப்ராம்) கிழியவில்லை.

வேகத்தில் ஸ்பார்க் போய் நிற்க வேண்டிய 30 டிகிரிக்குப் புல்லியில் குறி கிடையாது. புல்லியின் விட்டம் 130 மில்லிமீட்டர், சுற்றளவு 408. அதில் 30 டிகிரி என்பது 34 மில்லிமீட்டர். இருக்கும் குறியிலிருந்து எஞ்சின் சுழலும் திசையில் 34 மில்லிமீட்டர் அளந்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு லைட்டை அடித்து ஆக்சிலேட்டரைக் கூட்டினேன். பழைய குறி மெல்ல விலகியது, என் வெள்ளைக் கோடு வந்து பூஜ்யத்துக்கு நேராக நின்றது.

7.3 விநாடி. நம்பாமல் மறுபடி இரண்டு தடவை ஓட்டினேன்.

இதோடு முடிந்துவிடவில்லை. இருபது நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு, நீளமான ஏற்றத்தில் வண்டி திக்கித் திக்கி இழுவை விடும். ஐந்து நிமிஷம் ஓரமாக நிறுத்தினால் மறுபடி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். உள்ளே தெரிகிற ஃபில்டர் போட்டிருந்தேன். அதில் டேங்க் துரு காப்பித்தூள் மாதிரி படிந்திருந்தது. டேங்கை இறக்கிக் கழுவினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் முழுசாகப் போகவில்லை. அடுத்த தடவை திக்கியதும் பெட்ரோல் மூடியைத் திறந்தேன், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பம்ப் உறிஞ்ச முடியாமல் தவித்திருக்கிறது. ஒரு ஊசித் துளை! அதைச் சுத்தம் செய்த பிறகு இன்றுவரை திக்கவில்லை.

வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளியையும் புத்தகத்தில் சொன்னபடி வைத்தாகிவிட்டது. நோட்டில் கடைசியாக எழுதிய எண் 6.6.

போன வாரம் அப்பாவே ஓட்டினார். பின்னால் அரை லோடு இருந்தது. அந்த மேடு வந்ததும் அவர் இடது கை தானாகக் கியருக்குப் போனது. கியர் குமிழ் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வண்டி இழுத்துக்கொண்டே போனது. கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். மேல் ஏறிய பிறகு, "மூணாவது சிலிண்டர் இப்போ எவ்வளவு காட்டுது?" என்று மட்டும் கேட்டார்.

600 கிலோமீட்டர் ஓடிய பிறகு 130க்கு வந்திருக்கிறது. 1000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி கேஜ் போடுவேன். அதுவரை எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) கழற்றப் போவதில்லை.