மணியும் நானும்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 4, செவ்வாய்

காலை ஆறே முக்காலுக்குச் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் நாய்த் திடலுக்குப் போனோம். திடலுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதல் கதவுக்குள் நுழைந்து, அதைத் தாழிட்டு, நடுவிலுள்ள சிறு அடைப்பில் நின்று வாரைக் கழற்றிய பிறகே இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும் என்று, போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மனைவி எனக்காக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாளில் இருக்கிறது. அப்போது நான் அதைப் படிக்கவில்லை. நேற்று இரவு மூன்று முறை படித்தேன்.

திடலில் எல்லோருக்கும் எங்கள் நாய் மணியைத் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. கோர்கி இன நாய் வைத்திருக்கும் சீனப் பெண்மணி, மணியின் அம்மா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சென்னைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

மணி ஓடவில்லை. இரண்டாவது கதவைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

ஜூன் 5, புதன்

அதே இடம். அதே கதவு. ஓடவில்லை.

ஜூன் 6, வியாழன்

நாய்த் திடலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது என்பதை இன்று தெரிந்துகொண்டேன். கோர்கியின் அம்மா, பூடிலின் தாத்தா, ஒற்றைக் கண் ஷிட்ஸுவின் அக்கா என்றே ஒருவரையொருவர் அறிந்து வைத்திருக்கிறார்கள். நான் மணியின் அங்கிள் ஆகியிருக்கிறேன். அப்பா என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நான் இந்தத் திடலுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை.

'மணி' என்பது சீனர்களின் காதில் ஆங்கிலப் பணமாக விழுகிறது. காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்குப் பணம் வரும் என்று பூடிலின் தாத்தா நம்புகிறாராம். தினமும் இரண்டு தடவை உரக்கக் கூப்பிட்டுவிட்டுத்தான் லாட்டரி எண் எடுக்கப் போகிறார். அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. சொல்லி நான்தான் கவனிக்காமல் இருந்தேனோ, அதுவும் தெரியவில்லை.

சென்னையில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தங்கை மகளுக்குத் திருமணம் என்றேன்.

ஜூன் 8, சனி

உண்ணி.

இடது காதின் உள்மடிப்பில், மிளகளவு, பழுப்பு நிறத்தில் இருந்தது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்து எடுத்தேன். தலை உள்ளே தங்கிவிட்டதா என்று அவளுடைய தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தேன். பிறகு கழுத்துப் பட்டைக்கு அடியிலும், அக்குளிலும், கால் விரல்களுக்கு இடையிலும் தேடினேன். வேறு எதுவும் இல்லை. இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல என்ற எண்ணம் இரவு முழுவதும் விடவில்லை.

விலங்கு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். இந்தப் பழுப்பு உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரக்கூடும் என்றும், சாப்பாட்டில் நாட்டம் குறைகிறதா, ஈறுகள் வெளுக்கின்றனவா, மூக்கிலிருந்து இரத்தம் கசிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், வந்தாலும் உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது என்றும் சொன்னார். உரிய நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு, அவர் பேசியதில் பாதியைத் தவறவிட்டேன். மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. திடலின் ஓரத்தில், வேலிக்கு அடியில், புல் வெட்டும் இயந்திரம் எட்டாத இடத்தில் புல் உயரமாக வளர்ந்திருக்கிறது; கதவுக்கு அருகில் என்பதால் மணி அங்கேதான் உட்காருகிறது. அதை அங்கே உட்காரவிட்டது நான்.

மூன்று வாரம் என்றால் ஜூன் 29.

ஜூன் 9, ஞாயிறு

ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. சோறு சாப்பிட்டது. மருத்துவமனையின் ஆறாம் மாடியில் அவள் இன்று கண்ணை நான்கு முறை திறந்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

திடலைத் தவிர்த்து ஆற்றோரம் நடந்தோம். இந்தப் பூங்காவின் குறுக்கே முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் வாய்க்கால் ஓடியது. அதை உடைத்து, கல்லும் செடியும் கொண்டு கரை கட்டி, வளைந்து போகும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். வாய்க்காலாக இருந்த காலத்தில் மாணவர்களை இங்கே சுற்றுலா அழைத்து வந்து, காலாங் ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எழுத ஒன்றுமில்லை ஐயா என்று ஒரு பையன் சொன்னான், அவனைக் கண்டித்தேன். அவன் சொன்னதில் தவறில்லை.

நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறி மணலில் புரண்டுகொண்டிருந்தது. குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள் நாயை நெருங்கவிடாமல் கடிக்கும் என்பதால் வாரைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றேன். தமிழ் இவற்றையும் நாய் என்றுதான் சொல்கிறது. மணிக்கு அந்த உறவில் நம்பிக்கை இல்லை. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. என் காலைத் தொட்டு அது நிற்பது இதுவே முதல் முறை.

ஜூன் 13, வியாழன்

அவள் பேசினாள். 'மணி' என்றாள்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாலு இருபது அம்மா என்று அன்பாகச் சொன்னாள். அவள் மறுபடியும் கேட்டாள். தாதி மறுபடியும் நேரத்தைச் சொன்னாள். நேரத்தைக் கேட்பது நல்ல அறிகுறி என்று குறிப்பேட்டில் எழுதவும் செய்தாள். நான் திருத்தவில்லை. குனிந்து அவளிடம், நன்றாகச் சாப்பிடுகிறது, காலையில் திடலில் ஓடியது என்றேன்.

இங்கேயும் ஒரு பொய்.

ஜூன் 16, ஞாயிறு

தந்தையர் தினமாம். பெரியவள் பெர்த்திலிருந்து கூப்பிட்டு, மணியைப் புதிய இடங்களுக்கு அழைத்துப் போங்கள், சுங்கை பூலோவில் காலை நேரம் அருமையாக இருக்கும் என்றாள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குள் செல்லப் பிராணிகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை. பறவைகளின் இடம் அது. அவள் பத்து ஆண்டுகளாக இங்கே இல்லை என்பது இப்படித்தான் வெளிப்படுகிறது. நான் சரி என்று மட்டும் சொன்னேன். எட்டு நாள் ஆகிறது, காய்ச்சல் இல்லை.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். எட்டாம் மாடி மலாய்க் குடும்பத்தினர் புத்தாடை உடுத்தி மின்தூக்கியில் இருந்தார்கள். மணியின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டியிருக்கும் என்பதால் வழக்கம்போல் அடுத்ததில் வருவதாகக் கையசைத்தேன். அந்த அம்மையார் கதவைப் பிடித்து நிறுத்தி, அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் தெரியும், ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்தவர்கள். பூங்காவில்தான் அவள் சென்னையில் இருக்கிறாள்.

ஜூன் 19, புதன்

ஒன்பது மணிக்கு மேல் கிளம்பியது என் தவறு. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. புறங்கையை நடைபாதையில் வைத்துப் பார்த்து, சில விநாடிகள் பொறுக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதே என்று தாளில் இருக்கிறது. ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். பாதங்களைத் தவிர வேறெங்கும் வியர்க்காத பிராணி அது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கீழ்த்தளத்துத் தூணோரம் இருவரும் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வந்தோம்.

ஜூன் 20, வியாழன்

கோர்கியின் அம்மா, திருமணப் படங்களைக் காட்டுங்கள் என்றார். கைபேசியில் மின்னூட்டம் இல்லை என்றேன். அதே கைபேசி அப்போது ஒலித்தது.

ஜூன் 22, சனி

யாருக்கும் மணியைத் தெரியாத இடம் வேண்டும் என்பதற்காக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனோம். இதைப் பெரியவளிடம், கடல் காற்று அதற்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். பேருந்திலும் ரயிலிலும் நாயை ஏற்ற முடியாது. செல்லப் பிராணிகளை ஏற்றிச் செல்லும் வண்டியை முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் அதிகம். அவள் மாதம் ஒரு முறை அப்படிப் போயிருக்கிறாள் என்பதை அலமாரியிலிருந்த ரசீதுகள் சொல்லின. மளிகைக் கணக்கில் எழுதியிருந்தாள்.

கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 15 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பூங்கா இது. சைக்கிள் பாதை வேறு, நடைபாதை வேறு. ஆனால் சனிக்கிழமைச் சைக்கிள்காரர்களுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. வாரை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன். தூரத்தில் ஊதாத் தொப்பி அணிந்த ஒரு பெண் முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்து நின்றிருந்தாள். மணி அவளை நோக்கி ஓடியது. பதினெட்டு நாளுக்குப் பிறகு ஓடியது. நானும் இழுபட்டு ஓடினேன், அறுபத்தெட்டு வயதில், செருப்பு ஒன்றை விட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெண் திரும்பினாள்.

மணி அவள் காலடியில் நின்று ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி என்னிடம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஊதாத் தொப்பி வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

ஜூன் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்

உயரத்தை மீண்டும் அளந்தேன். தோள் வரை 53 சென்டிமீட்டர். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். காப்பகத்திலிருந்து தத்தெடுக்கும் இந்த உள்ளூர்க் கலப்பினத்துக்கு 50 சென்டிமீட்டர், 15 கிலோ என்று முன்பு வரம்பு இருந்தது. 2020-இல் உயரத்தை 55 ஆக்கி எடை வரம்பை எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவள் தையல் நாடாவோடு காப்பகத்துக்குப் போனாள். இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்த அவள் குரல் நினைவில் இருக்கிறது. வீட்டில் நாய் வேண்டாம் என்று நான் சொன்னதும் நினைவில் இருக்கிறது. மைக்ரோசிப்பில் யார் பெயர் என்று இன்று உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். என் பெயரில் பதிவு செய்திருக்கிறாள்.

ஜூன் 26, புதன்

விடியுமுன் சுமத்ராக் காற்று அடித்துப் பெய்தது. மழை விட்டதும் போனபோது, ஆற்றோரத்தில் எச்சரிக்கை விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன, சைரன் ஒலித்தது, கரையைவிட்டு ஏறும்படி அறிவிப்பும் வந்தது. நேற்று நாங்கள் நடந்த படிக்கற்கள் நீருக்குள் போய்விட்டன. தண்ணீர் பரவட்டும் என்றே கரையை அகலமாக விட்டிருக்கிறார்கள். மழை நின்று கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். மணி நடுங்கினான். தூக்கிக்கொண்டேன். பதினேழு கிலோ.

திடலில் யாருமில்லை. இரண்டாவது கதவு திறந்தே கிடந்தது. முதல் கதவும் திறந்தே கிடந்தது. யார் விட்டுப் போனார்கள்? இரண்டையும் தாழிட்டு, சரிபார்த்து, சாலை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் சரிபார்த்தேன். உள்ளே விடவே இல்லை.

ஜூன் 29, சனி

இருபத்தொரு நாள். ஈறு நல்ல நிறம். காய்ச்சல் இல்லை. மருத்துவர் விரும்பினால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றார். விரும்பவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

மாலையில் அவள் இடது கையை உயர்த்திக் காட்டி மறுபடி மணி என்றாள். தாதி கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பியபோது, மணி என்பது எங்கள் நாய் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பதினாறு நாளாகத் தவறாகவே பதில் சொல்லியிருக்கிறேனே என்று கண் கலங்கிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

ஜூன் 30, ஞாயிறு

கோர்கியின் அம்மாவிடம் சொன்னேன். சென்னை இல்லை, ஆறாம் மாடி என்று சொன்னேன். இப்படித்தான் வந்தது, வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல், வாரின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, போன தீபாவளிக்கு அவள் உண்மையிலேயே சென்னைக்குப் போனபோது மணியைக் காலையில் நடத்திச் செல்ல அவரிடம்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள் என்றார். நான் அழைத்துப் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாளையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் காலையில் நான் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, இந்தப் பெண்மணி எங்கள் வாசலுக்கு வந்து மணியை அழைத்துப் போயிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை.

முதல் நாளே உங்களுக்கு என்னைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார்.

மணி இன்று திடலை ஒரு சுற்று ஓடினான். கோர்கி துரத்தியதால் ஓடினான். ஆனாலும் ஓட்டம்தான்.

ஜூலை 1, திங்கள்

இரத்தம் எடுத்தார்கள். முடிவு நாளை மறுநாள்.

ஜூலை 2, செவ்வாய்

நாளை மாலை ஐந்து மணிக்குச் சக்கர நாற்காலியில் அவளைக் கீழ்த்தளத் தோட்டத்துக்குக் கொண்டுவருவார்களாம். வளாகத்துக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. தோட்டத்தின் வேலி நடைபாதையை ஒட்டி இருக்கிறது, கம்பிகளுக்கு இடையில் ஒரு கை நுழையும். இன்று போய் அளந்து பார்த்தேன். நாய்த் திடலின் வேலியைவிட இது உயரம், மணி தாண்டமாட்டான். ஆனால் அவள் குரலைக் கேட்டால் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. வாரின் கொக்கி ஈஸ்ட் கோஸ்ட்டில் இழுத்ததிலிருந்து சரியாகப் பூட்டவில்லை.

ஜூலை 3, புதன்

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. காலையில் அவனைக் குளிப்பாட்டினேன். ஊதாத் தொப்பியைப் பையில் வைத்திருக்கிறேன். கொக்கி மாற்றக் கடைக்குப் போக வேண்டும், கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.