மாடரேட் ஹைக்கும் உப்பிப்போன சிப்ஸ் பாக்கெட்டும்

குரூப்பா ஹைக் போறதுல மலையெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லைங்க, குரூப்தான் பிரச்சனை. மலை அது பாட்டுக்கு இருக்கற இடத்துல இருக்கும். பத்து பேரை ஒரே நேரத்துல ஒரே இடத்துல நிக்க வைக்கறதுதான் கஷ்டம்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில கொலராடோ ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்ல எமரால்ட் லேக் போலாம்னு முடிவாச்சு. பேர் லேக் (Bear Lake) பார்க்கிங்ல காரை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சா நிம்ஃப், ட்ரீம், எமரால்டுனு வரிசையா மூணு ஏரி வரும், ஒரு பக்கம் 1.8 மைல்தான், ஏத்தமும் ஒரு எழுநூறு அடிக்குள்ள. "மாடரேட் ஹைக், யார் வேணா வரலாம்"னு ஆர்கனைசர் அண்ணன் மெசேஜ் போட்டிருந்தாரு. கிளம்பற இடமே 9,475 அடி உயரத்துல இருக்குங்கற விஷயத்தை மட்டும் அடியில, ஸ்மைலி எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம், சும்மா தகவலுக்குங்கற மாதிரி போட்டிருந்தாரு.

அடுத்த மேட்டர் பர்மிட். பேர் லேக் ரோடு பக்கம் சீசன்ல காலையில 5 மணில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் உள்ள போகணும்னா முன்னாடியே நேரம் புக் பண்ணியிருக்கணும். அண்ணன் லாகின் பண்றதுக்குள்ள எல்லாம் காலி. சரி வேற நாள் போலாம்னு சொல்வாருன்னு பாத்தா, மனுஷன் "அஞ்சு மணிக்கு முன்னாடி உள்ள போயிட்டா புக்கிங்கே தேவையில்ல"னு ஏதோ புதையல் கண்டுபிடிச்ச மாதிரி அறிவிச்சாரு. அப்படின்னா டென்வர்ல இருந்து ராத்திரி ரெண்டே முக்காலுக்கு கிளம்பணும். அந்த நேரத்துக்கு எழுந்திருக்கறதா இல்ல தூங்கவே போகாம இருக்கறதான்னு குரூப்ல ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு, தூங்காம வந்த கோஷ்டி கார்ல ஏறின அடுத்த நிமிஷம் குறட்டை விட ஆரம்பிச்சதால, ரோட்டைப் பாத்துக்கிட்டே பேச்சு குடுக்கற வேலை என் தலையில விழுந்துச்சு.

எப்படியோ அஞ்சுக்கு முன்னாடி உள்ள நுழைஞ்சாச்சு. பார்க்கிங்ல கும்மிருட்டு. எல்லாரும் நெத்தியில ஹெட்லாம்ப் மாட்டினாங்க, மாட்டினவுடனே ஆளாளுக்கு திரும்பிப் பேச ஆரம்பிச்சதுல எல்லாருக்கும் கண்ணு கூசி யாருக்கும் எதுவும் தெரியல. "டேய் கீழ பாத்து பேசுடா"ங்கறதுதான் முதல் அரை மைலுக்கு எங்க குரூப்போட ஒரே உரையாடல். அந்த இருட்டுல நிம்ஃப் லேக் தாண்டிட்டோம். கோடைக்காலத்துல அல்லி இலை மிதக்கற அழகான ஏரின்னு படிச்சிருந்தேன், நாங்க பாத்தது ஒரு கைகாட்டிப் பலகை மட்டும்தான். "இதுதாங்க ஃபர்ஸ்ட் லேக்"னு அண்ணன் இருட்டை நோக்கி கை காமிச்சாரு, நாங்களும் ஆமாமான்னு இருட்டை போட்டோ எடுத்துக்கிட்டோம்.

எங்க கூட ஒருத்தன் புது வாட்ச் கட்டிட்டு வந்திருந்தான். நிமிஷத்துக்கு ஒருதரம் ஹார்ட்ரேட் வாசிக்கறான். "நூத்தி நாப்பது... நூத்தி அம்பத்தி ரெண்டு..." ஏலம் விடற மாதிரி. ஆக்சிஜன் கம்மியாயிடுச்சுன்னு வேற கிளப்பி விட்டான். காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறையுது, பத்தாயிரம் அடியில கடல்மட்டத்துல இருக்கறதுல முக்கால்வாசி கூட இல்ல, அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற சரக்கு கம்மின்னு அவனுக்கு விளக்கணும்னு நினைச்சேன், ஆனா அவ்வளவு பேச எங்கிட்ட மூச்சு இல்ல.

ஆறு மணி வாக்குல ட்ரீம் லேக். இங்கதாங்க கதையே.

ட்ரீம் லேக்ல விடியற நேரத்துல முதல் வெயில் ஹாலெட் பீக் உச்சியில பட்டு அந்த மலையே செவசெவன்னு ஆகும், காத்து இல்லாம இருந்தா தண்ணிக்குள்ளயும் அதே மலை தலைகீழா நிக்கும். அதைப் பிடிக்கறதுக்குன்னே போட்டோகிராபருங்க முன்னாடியே வந்து கரையில வரிசையா ட்ரைபாட் போட்டு நிப்பாங்க. நாங்க போனப்பவும் அப்படித்தான், ஒரு இருபது பேர் இருக்கும், ஒருத்தரும் வாய் திறக்கல, இருமக்கூட இல்ல. எங்க பத்து பேரும் அங்க போய் சேர்ந்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, குரலைத் தாழ்த்தி சைகையிலயே பேசிக்கிட்டோம். மலை உச்சி லேசா சிவக்க ஆரம்பிச்சது.

அந்த நேரம் பாத்து எங்காளு ஒருத்தனுக்குப் பசி. பையில இருந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தான். வெளியில அழுத்தம் கம்மியாக ஆக உள்ள இருக்கற காத்து விரியும் இல்லையா, டென்வர்ல சாதுவா இருந்த பாக்கெட் மேல வர்றதுக்குள்ள தலகாணி கணக்கா உப்பிப்போய் இருந்துச்சு. அவன் சத்தம் வரக்கூடாதுன்னு ரொம்ப மெதுவா, ஒரு மூலையை ரெண்டு விரலால பிடிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு...

படார்!

அந்தப் பள்ளத்தாக்குல அது போய் பாறையில மோதி திரும்பி வந்து இன்னொரு படார். இருபது ட்ரைபாடுக்குப் பின்னாடி இருந்த இருபது தலையும் ஒரே நேரத்துல திரும்புச்சு. யாரும் திட்டல, அமெரிக்கால அப்படியெல்லாம் நேரா திட்ட மாட்டாங்க, சிரிச்ச முகமா பாத்தாங்க, அது அதைவிட மோசம். அண்ணன் உடனே ரெண்டடி தள்ளிப்போய் இந்தக் கூட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லங்கற மாதிரி ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சாரு. சிதறின சிப்ஸைப் பொறுக்கறதுக்குள்ள முதுகுல கோடு போட்ட, நம்ம ஊர் அணில் மாதிரி ஒரு சிப்மங்க் ஓடி வந்து ஒண்ணை ரெண்டு கையாலயும் பிடிச்சு கொறிக்குது. அங்க மிருகங்களுக்குத் தீனி போடறது சட்டப்படி தப்பு. "நான் போடலடா, அதுவா எடுத்துக்கிச்சு"ன்னு பாக்கெட்காரன் அந்த சிப்மங்க் கிட்டயே வாதாடிட்டு இருக்கான், மலை செவந்து முடிஞ்சு சாதா கலருக்கு வந்துடுச்சு.

எமரால்ட் லேக் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, அழகு, காத்து பேய் மாதிரி அடிச்சுது, ஆளுக்கு ஒரு போட்டோவுல முகம் பூரா முடிதான். அதோட ட்ரெயில் முடிஞ்சிடும்.

எல்லாரும் திரும்பலாம்னு இருக்கறப்ப அண்ணன் "பக்கத்துலதான் ஹையாஹா லேக், போற வழிதான்"னாரு. போற வழி இல்ல. ட்ரீம் லேக் கிட்ட இருந்து தனியா பிரிஞ்சு ஒரு மைல் போகணும், கடைசியில கார் சைஸ் பாறைங்க மேல நாலு காலால ஏறணும். அந்த இடத்துக்குப் பேரே கேயாஸ் கேன்யன், அதாவது குழப்பப் பள்ளத்தாக்கு, யாரோ எங்க குரூப்பை முன்கூட்டியே பாத்துட்டு வெச்ச பேரு. ஆனா ஏரியைப் பாத்ததும் வாய் அடைஞ்சு போச்சு. பால்ல பச்சை மை கலந்து விட்ட மாதிரி ஒரு கலர். 2022 ஜூன்ல மேல இருந்து பெரிய பாறைச்சரிவு, அதுல வந்த மாவு மாதிரி நைசான கல்தூள் தண்ணியில அடங்காம மிதக்கறதாலதான் இந்த நிறம், அதுக்கு முன்னாடி இது மத்த ஏரி மாதிரி தெளிஞ்ச தண்ணிதானாம். போட்டோவை வீட்டுக்கு அனுப்பின அக்காவுக்கு ராத்திரி வந்த பதில்: "ஃபில்டர் ஜாஸ்தியா இருக்கு, ஒரிஜினல் அனுப்பு."

இறங்கறப்ப பதினோரு மணி. அந்தப் பக்கம் கோடையில மத்தியானம் ஆனா இடி மின்னல் வந்துடும், அதனால மேகம் கூடினதும் அண்ணன் விசில் அடிக்காத குறையா எல்லாரையும் தள்ளிட்டு வந்தாரு. எதிர்ல ஏறி வந்த ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கிட்டே ஏரி இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. ஒருத்தன் பத்து நிமிஷம்னான், ஒருத்தன் முக்கால் மணி நேரம்னான், வாட்ச்காரன் ரெண்டு பேரும் தப்புன்னு மேப்பைத் திறந்தான். நாங்க சண்டை போட்டு ஒரு பதிலுக்கு வர்றதுக்குள்ள அந்த அம்மா வளைவுல திரும்பிப் போயே போயிட்டாங்க.

பார்க்கிங் ஃபுல். ஒரு காரு எங்களைப் பாத்ததும் அவ்வளவு ஆசையா பின்னாடியே ஊர்ந்து வந்து, எங்க வண்டி கிட்ட இண்டிகேட்டர் போட்டு நின்னுச்சு. அண்ணன் கண்ணாடி கிட்ட போய் "டூ மினிட்ஸ்"னு சொல்லிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் ஷூ கழட்டினோம், சாக்ஸை உதறினோம், முன் சீட்டு யாருக்குன்னு பஞ்சாயத்து பண்ணினோம், மிச்சம் இருந்த சாண்ட்விச்சை அங்கயே பிரிச்சு சாப்பிட்டோம், குரூப் போட்டோ எடுக்கலையேன்னு ஞாபகம் வந்து அந்த ஆளையே கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம், பாவம் எடுத்தும் குடுத்தாரு. எல்லாம் முடிஞ்சு ஏறி உக்காந்து தலையை எண்ணினா ஒம்பதுதான் வருது. சிப்ஸ்காரன் ரெஸ்ட்ரூம் க்யூவுல நிக்கறான். பின்னாடி பாத்தா அந்த மனுஷன் இண்டிகேட்டரை ஆஃப் பண்ணிட்டு சீட்டை சாய்ச்சுப் படுத்துட்டாரு.