பி-ஸ்குவாடோடு ஒரு மே மாதம்

2025 மே 2, வெள்ளி

லீவு விட்டு ஒரு வாரம் ஆகிறது. பதினோரு மணிக்கே தார் ரோடு கொதிக்கிறது, பாப்பாவை வெளியே விடவும் முடியவில்லை. சரி, எனக்குப் பிடித்ததை அவளுக்குக் காட்டுவோம் என்று யூடியூபில் பவர் ரேஞ்சர்ஸ் எஸ்.பி.டி. போட்டேன், ஆளுக்கொரு கலரில் உடுப்பும் முகமூடியும் போட்டு உருமாறிச் சண்டை போடும் ரேஞ்சர்களின் அமெரிக்கச் சீரியல். புதுப்பேட்டை போலீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழில் பார்த்தது. அணித்தலைவனான ரெட் யார் என்று எங்கள் பிளாக்கில் தினம் ஒரு சண்டை நடக்கும். இப்போது ஆங்கிலத்தில்தான் பார்க்கிறோம், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் பிடித்துக்கொள்கிறாள்.

2005இல் வந்த சீசன், 38 பகுதிகள். கதை நடக்கும் வருஷம் 2025 என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மனிதர்களும் வேற்றுக்கிரகவாசிகளும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்கிறார்கள், அந்த ஊரின் போலீஸ்தான் எஸ்.பி.டி. முதல் பகுதியிலேயே அவர்களின் தலைசிறந்த அணியான ஏ-ஸ்குவாட் காணாமல் போகிறது, இன்னும் பயிற்சியே முடியாத பி-ஸ்குவாட் பொறுப்பேற்க வேண்டி வருகிறது. குழந்தைகள் சீரியலில் இரண்டாம் இடத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு கதை! அன்றைக்கு இது புரியவில்லை, இன்றைக்கு இதற்காகவே பிடித்திருக்கிறது.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மத்தியானம் மூன்று பேரும் ஃபேனுக்கு அடியில். அப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பி-ஸ்குவாடில் ஸ்கை என்றொரு பையன். அவனுடைய அப்பா ரெட் ரேஞ்சராக இருந்து கடமையில் உயிரை விட்டவர். தானும் ரெட் ஆக வேண்டும் என்று சட்டப் புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். ஆனால் எஸ்.பி.டி.யின் தலைவர் கமாண்டர் க்ரூகர் அந்த இடத்தைத் தெருவில் திருடிக்கொண்டிருந்த ஜாக்குக்குக் கொடுக்கிறார். ஜாக் திருடுவது இல்லாதவர்களுக்குக் கொடுக்கத்தான் என்றாலும் திருடன் திருடன்தானே. இந்த சீசனில் உடுப்பின் நெஞ்சிலேயே பெரிதாக எண் இருக்கும். முதல்முறை உருமாறியதும் ஜாக்குக்கு 1, ஸ்கைக்கு 2.

சின்ன வயதில் நான் முழுக்க ஜாக் கட்சி. ஸ்கை என்றால் எரிச்சல்தான், சிரிக்கவே மாட்டான், எதற்கெடுத்தாலும் ரூல் பேசுவான். இன்று அப்பா அந்த 2-ஐப் பார்த்துவிட்டு, "பாவம்மா அந்தப் பையன்" என்றார். அவர் ஏட்டு ஆவதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தார், ஜூனியர்கள் தாண்டிப்போனபோது வீட்டில் எப்படிப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த பகுதி போட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பாப்பா நோட்டுப் பேப்பரில் 1 என்று எழுதி செலோ டேப்பால் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

மே 8, வியாழன்

இன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். ரேஞ்சர்கள் ஒருவனைப் பிடித்ததும், தாங்கள் உருமாற வைத்திருக்கும் மார்ஃபர் கருவியை அவன் முன்னால் நீட்டுகிறார்கள், சில நொடியில் குற்றவாளி என்று காட்டிவிடுகிறது, அப்புறம் அவனை ஒரு சின்ன அட்டைக்குள் அடைத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பாப்பா கேட்டாள்: "அவன் கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டே ஆகணும் கண்ணு. பிடிச்சவனே தீர்ப்பு சொல்லக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்."

இது அமெரிக்கர்கள் புதிதாக உருவாக்கிய சீரியல் இல்லை. ஜப்பானில் 2004இல் வந்த டெகாரேஞ்சர் என்ற சீரியலை எடுத்து, முகம் தெரியும் காட்சிகளை மட்டும் நியூசிலாந்தில் புதிதாகப் படம்பிடித்து, முகமூடிச் சண்டைகளில் நிறைய ஜப்பான் படத்திலிருந்தே போட்டுக்கொண்டார்கள். அந்த ஜப்பான் கதையில் தீர்ப்பு தூரத்தில் இருக்கும் விண்வெளி நீதிமன்றத்திலிருந்து வரும், குற்றம் உறுதியானால் அங்கேயே அழித்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று கொலையை எடுத்துவிட்டு அட்டைச் சிறையை வைத்தார்கள், நல்ல முடிவு, எனக்கு முழு சம்மதம். ஆனால் கொலையோடு சேர்த்து நீதிமன்றத்தையும் தூக்கிவிட்டார்களே! பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்பு சொல்வது, அடைப்பது எல்லாம் ஒரே கையில் இருக்கும் கருவி. போலீஸ் கதை என்று சொல்லிக்கொண்டு இதைப் பற்றி ஒரு பகுதியாவது யோசித்திருக்க வேண்டும். அந்தக் கருவி தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று ஆறு வயதுக் குழந்தைக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மே 12, திங்கள்

யாராவது ஒரு வசனம் சொல்லித் திரும்பினால் போதும், பின்னால் நிலம் வெடிக்கிறது. குண்டு போட்டவர் யார், எதன்மேல் பட்டது என்று ஒன்றும் இல்லை, சும்மா வெடிக்கிறது. முதல் நாள் பாப்பா கை தட்டினாள், இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்கும் வெடித்தால் எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும்.

ஆனால் பி-ஸ்குவாடின் இன்னொரு பையன் பிரிட்ஜ் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். எப்போதும் கையுறை போட்டிருப்பான், தொட்டால் அங்கே முன்பு நடந்தது தெரிந்துவிடும், வெண்ணெய் தடவிய டோஸ்ட் என்றால் உயிர். எங்கள் வீட்டிலும் நாலு நாளாகக் காலையில் இட்லி கிடையாது, டோஸ்ட்தான், வெண்ணெய் சொட்டச் சொட்ட வேண்டுமாம்.

மே 15, வியாழன்

இன்று ஸீயைப் பற்றி. ஜாக்கோடு தெருவில் வளர்ந்தவள், மஞ்சள், எண் 4, தன்னையே பல பேராகப் பெருக்கிக்கொள்ளும் சக்தி. அவளும் ஜாக்கும் ஒரே நாளில் உள்ளே வருகிறார்கள். அவன் தலைவனாக மாறுவதற்குப் பகுதி பகுதியாக நேரம் தருகிறார்கள், தெருவிலிருந்து வந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டதில் அவளுக்குள் என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவளுடைய நல்ல பகுதி சாம் என்ற சிறுவனோடு வருகிறது. அவனுக்கும் ஒரு சக்தி இருக்கிறது, அதனாலேயே ஒதுக்கப்பட்டவன், எதிரிகள் அவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். ஸீ அவனிடம் பேசுகிறாள், அதட்டாமல், அவசரப்படாமல். அந்தப் பையன்தான் வளர்ந்து 2040இலிருந்து ஒமேகா ரேஞ்சராகத் திரும்பி வருகிறான்! எவ்வளவு அழகான யோசனை. ஆனால் வந்தவனுக்கு முகம் இல்லை, உடுப்பு போடாத நேரமெல்லாம் மிதக்கும் ஒரு ஒளிப்பந்து, குரல் மட்டும். தன்னைக் காப்பாற்றியவளை வளர்ந்த பிறகு பார்க்கிறான், அவள் முன்னால் அவனுக்குக் கண்கூட இல்லையென்றால் நான் எதைப் பார்த்து உருகுவது? கடைசியில்தான் மனித உருவத்தில் காட்டுகிறார்கள், அதற்குள் அவன் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது.

மே 19, திங்கள்

மிர்லாக். இந்த சீசனில் நான் மறக்காமல் வைத்திருந்த ஒரே வில்லன். எதில் பிம்பம் விழுகிறதோ அதன் வழியாகப் போய் வருவான், அதனால் பளபளப்பான பொருளே இல்லாத சிறையில் வைத்திருக்கிறார்கள். அவனிடம் ஒரு தகவல் கேட்க ஸ்கை போகிறான். அவன் ஸ்கையின் அப்பா எப்படிச் செத்தார் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்குகிறான், கொன்றதே அவன்தான். ஸ்கை அசையாமல் நிற்கிறான். ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்குகிறது. அந்தச் சொட்டில் விழும் பிம்பத்தின் வழியாக மிர்லாக் தப்பித்துப் போகிறான்.

பாப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பத்து வயதில் பார்த்தபோது இது வில்லனின் தந்திரமாக மட்டும்தான் பட்டது. அழாமலே இருந்த ஒருவன் முதல்முறை அழும்போது அதையே அவனுக்கு எதிராகத் திருப்புகிறார்கள், அதற்காக அந்தப் பையன் தன்னை எவ்வளவு திட்டிக்கொள்வான்! இதை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஸீயையும் எழுதத் தெரிந்திருக்கும். என் கோபமே அதுதான்.

மே 24, சனி

முடித்துவிட்டோம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஜாக் வேலையை விட்டு, இல்லாதவர்களுக்குத் துணி கொடுக்கும் வேலைக்கே போகிறான். ஸ்கை ரெட் ஆகிறான். அப்பா எதுவும் பேசவில்லை, பால்கனிக்குப் போய்விட்டு வந்தார். க்ரூகர் தன் கிரகத்தை அழித்த எதிரித் தலைவன் க்ரூமைக் கையில் கிடைத்த பிறகும் கொல்லாமல் அட்டையில் அடைக்கிறார். "அதான் ஆபீசர்," என்றார் அப்பா.

இனி ஏ-ஸ்குவாட். காணாமல் போனவர்கள் திரும்பக் கிடைக்கிறார்கள், முகம் தெரிகிறது, அவர்களின் ரெட் ஒரு பெண். சார்லி. பாப்பா எழுந்து நின்று கத்தினாள், "அம்மா, ரெட்டு ஒரு அக்கா!" நெஞ்சில் ஒட்டிய 1-ஐத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர்கள் ஐந்து பேரும் எதிரியோடு சேர்ந்துவிட்டவர்கள் என்று தெரிந்தது, சண்டை வந்தது, தோற்றார்கள், பிடிபட்டார்கள்.

"ஏன்மா அந்த அக்கா கெட்டவங்களா ஆனாங்க?"

என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் சீரியலில் இல்லை. எப்போது மாறினார்கள், யார் முதலில் மாறினது, ஒருவராவது தயங்கினாரா, எதுவும் கிடையாது. முதல் பகுதியில் காணாமல் போனதிலிருந்து நாம் கவலையோடு தேடிக்கொண்டிருந்தவர்கள், கடைசியில் வந்து அடிவாங்கிவிட்டுப் போகிறார்கள். ஊரின் தலைசிறந்த போலீஸ் விலைபோவது சாதாரண விஷயமா? அதைக் குழந்தைகளுக்குச் சொல்லத் துணிந்தவர்கள் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

மே 26, திங்கள்

ராத்திரி தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன். 38இல் இரண்டு பகுதிகளை முந்தைய சீசனான டைனோ தண்டரின் ரேஞ்சர்கள் விருந்தாளிகளாக வருவதற்கே கொடுத்திருக்கிறார்கள். பழைய முகங்களைப் பார்ப்பது சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றில் முடித்துக்கொண்டு இன்னொன்றை சார்லிக்குக் கொடுத்திருக்கலாம். நடு சீசனில், அந்த ஐந்து பேர் மட்டும், எதிரியின் கப்பலில், ஒருவரும் தேடி வராத நாட்கள். அந்த 22 நிமிஷம் இருந்திருந்தால் கடைசிச் சண்டையில் யார் பக்கம் அழுவது என்றே தெரியாமல் போயிருக்கும்.

பாப்பா காலையில் தாத்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன்னோடு வேலை பார்த்து வழிதவறிப்போன ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கே அது புதுக் கதை. நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததில் டோஸ்ட் தீய்ந்துவிட்டது.