மழைக்கு முன்னாலேயே ஆட்டைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆடு வளர்க்கிற சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். மழை விழுந்த பிறகு கால்நடை டாக்டரைத் தேடி ஓடாதீர்கள், இப்போதே போய்விடுங்கள். எங்கள் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்த ஓடைக்கரை ஐப்பசியில் பச்சை பிடித்ததும் நமக்கு மனசு குளிர்ந்துவிடும். ஆனால் செம்மறி சாவதும் பெரும்பாலும் அந்தப் பச்சை வந்த பிறகுதான்.

எங்கள் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் இடம், அதில் கன்னி வெள்ளாடு, வேம்பூர் பொட்டு ஆடு என்கிற செம்மறி, சிறுவிடைக் கோழி. கன்னி ஆட்டுக்குக் கறுத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கினால் பால்கன்னி, கோடு சிவப்பாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி சர்வசாதாரணம். எடை அதிகம் வரும் என்று வெளியூர் இனங்களை நிறைய விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள், வாங்கட்டும், ஆனால் உடைமர நெத்தும் வேப்பந்தழையும் தின்று கோடையைத் தாண்டுகிற ஆடு சின்ன இடத்துக்காரனுக்குப் போதும் என்பதுதான் என் எண்ணம்.

சரி, செம்மறியைத் திடீரென்று கொல்கிற துள்ளுமாரி நோய்க்கு வருவோம். முதல் மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லைச் செம்மறி பசியோடு வயிறு முட்ட மேய்ந்துவிட்டால், குடலில் ஏற்கெனவே சும்மா இருக்கிற கிருமி திடீரென்று பெருகி விஷத்தைக் கக்கும். நோஞ்சான் ஆட்டை அது எடுக்காது, மந்தையிலேயே கொழுகொழுவென்று இருக்கிற குட்டியைத்தான் எடுக்கும். சாயங்காலம் நன்றாக மேய்ந்து வந்த குட்டி காலையில் தலையைப் பின்னால் வளைத்துக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும், பல நேரம் அதைக்கூடப் பார்க்க முடியாது, செத்துத்தான் கிடக்கும். அந்த நிலையில் எந்த மருந்தும் உதவாது. மழைக்கு முன்னால் தடுப்பூசி, முதல் தடவை போடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடா வருடம். மழை பெய்த முதல் சில நாள் வெறும் வயிற்றோடு ஆட்டை அவிழ்த்துவிடாமல், சோளத்தட்டையோ கடலைக்கொடியோ கொஞ்சம் தின்னவிட்டு, பனி காய்ந்த பிறகு ஓட்டிப் போங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் கேட்டார், "சினையாட்டுக்கு ஊசி போட்டா கலைஞ்சிரும்லா தம்பி?" ஊரில் நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. துள்ளுமாரித் தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி, நச்சு நீக்கப்பட்டது, அதனால் கலையாது. சொல்லப்போனால் ஈனுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி வேறு, அது உயிருள்ள கிருமியில் செய்தது, அதைச் சினைக்கு முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது, ஒரு தடவை போட்டால் மூன்று வருடம் தாங்கும்.

அடுத்தது குடற்புழு. ஆட்டின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள், வெயில் வெளிச்சத்தில். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறி, வெள்ளைத்துணி மாதிரி இருந்தால் வயிற்றில் புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தாடைக்குக் கீழே பை போல நீர் கட்டியிருந்தால் இன்னும் மோசம். புழுவின் குஞ்சு ஈரப் புல்லின் அடியில்தான் ஒட்டியிருக்கும், அதனால் தரையோடு தரையாக மேய்கிற செம்மறிக்கு அது அதிகம் ஏறும், எட்டித் தழை கடிக்கிற வெள்ளாட்டுக்கு அவ்வளவு ஏறாது, ஆனால் தழை கொடுக்காமல் வெள்ளாட்டையும் புல்லிலேயே கட்டிவைத்தால் அதற்கும் அதே கதிதான். மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள். குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்கிற புழு மருந்து வேண்டவே வேண்டாம்.

கொட்டில் தரையை இப்போதே சரளை போட்டு மேடாக்கிவிடுங்கள். கரிசல் சேறு குளம்பு இடுக்கில் அப்பிக் காய்ந்தால் புண் வைத்து அழுகும். நீலநாக்கு நோயைப் பரப்புகிற சின்னப் பூச்சியும் இந்த மாதங்களில்தான் பெருகும், பொழுது சாய்ந்ததும் வேப்பந்தழை, நொச்சி மூட்டம் போடுங்கள்.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. குப்பியில் பெரும்பாலும் 100 கோழிக்கான மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிறவர் தனியாக வாங்கி என்ன செய்வார்? தெருவே சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழி, நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் குஞ்சு பொரிக்கிற மாதிரி அடை வைக்காதீர்கள், அடைமழைக் குளிரில் பஞ்சாரத்துக்குள் இருந்தாலும் விறைத்துப்போகும்.

ஆடு, கோழி இரண்டையும் ஒரே இடத்தில் வளர்ப்பவர்கள் ஆட்டுத் தொட்டிக்கு மேலே கோழி அடையவிடக் கூடாது, கோழித் தீவனம் ஆட்டுக்கு எட்டவும் கூடாது. கம்பு, அரிசி, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, எதுவானாலும் பழக்கமில்லாத ஆடு ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்து உப்பி ஒரு நாளிலேயே போய்விடும். பாசத்தில் குண்டான் நிறையச் சோறு வைக்கிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளாட்டுக்கு வாங்கிய தாது உப்பையும் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும்.

கடைசியாகப் படப்பு, அதாவது தட்டைப்போர். தட்டையைத் தரையில் அடுக்காமல் கல் மேல் கட்டை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டுங்கள். கடலைப்பிண்ணாக்கு மூட்டையில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்திருந்தால் காயவைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பூசணத்தின் நஞ்சு வெயிலில் போகாது. அதைக் கோழியும் ஆடும் கிளறாத ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.