ஆஸ்டியாலஜி வைவாவுக்கு நான் படித்த விதம்

பிசியோதெரபி முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது, "அக்கா, எலும்பெல்லாம் எப்படி ஞாபகம் வச்சீங்க?" என்பதுதான். எலும்புகளைப் பற்றிய பாடமான ஆஸ்டியாலஜியின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

உடம்பில் மொத்தம் 206 எலும்புகள் என்றதும் மலைத்துப் போக வேண்டாம். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரு கைக்கு 27, ஒரு பாதத்துக்கு 26. இரண்டு பக்கமும் சேர்த்தால் 106; பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடுகிறது. இவற்றைக் கூட்டமாகவே படித்துக்கொள்ளலாம். வைவாவில் பெரும்பாலும் கையில் கொடுப்பது நீள எலும்புகள், ஸ்காபுலா என்ற தோள்பட்டை எலும்பு, இடுப்பெலும்பு, சில முள்ளெலும்புகள்.

சீனியர் அக்கா ஒருவரிடம் ஹாஃப் செட், அதாவது பாதி எலும்புக்கூட்டின் எலும்புகள், வாங்கினேன். அது பிளாஸ்டிக் இல்லை, உண்மையான எலும்பு. யாரோ ஒருவர் இந்தக் காலை ஊன்றி நடந்திருக்கிறார். அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு முறையும் எடுப்பேன், துணியில் சுற்றித்தான் வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வைவாவில் முதல் கேள்வி "எந்தப் பக்கத்து எலும்பு?" என்பதுதான். இதற்குப் புத்தகத்தை விட உங்கள் உடம்பே துணை. தொடை எலும்பான ஃபீமரை எடுத்துத் தொடையோடு சேர்த்துப் பிடியுங்கள். உருண்டைத் தலை மேலே, உள்நோக்கி. லீனியா ஆஸ்பெரா என்ற நீண்ட வரம்பு பின்னால். எந்தக் காலுக்கு இது பொருந்துகிறதோ அதுதான் பக்கம். முழங்கால் சில்லுக்கு ஓர் எளிய வழி உண்டு. வழவழப்பான பக்கத்தை மேசையில் படும்படி, கூர்முனை உங்களை விட்டு விலகியிருக்குமாறு வையுங்கள். வலது சில்லு வலப்பக்கம் சாயும், இடது இடப்பக்கம் சாயும். வெளிப்பக்க மூட்டுப்பரப்பு பெரிதாக இருப்பதுதான் காரணம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாதான் எல்லோரையும் திணறடிப்பது. அதன் கீழ்முனையில் முக்கோணமான மூட்டுப்பரப்பு உள்நோக்கியும், அதை ஒட்டிய சிறு பள்ளம் பின்னாலும் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அந்தப் பள்ளத்தைத் தேடிப் பழகினேன்.

அடுத்தது மேடு பள்ளங்கள். பெயரை மட்டும் உருப்போட்டால் மறுநாளே மறந்துவிடும். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுப் படித்தால் நிற்கும். மேல்கை எலும்பான ஹியூமரஸின் பின்பக்கம் சரிவாக ஓடும் பள்ளத்தில் ரேடியல் நரம்பு போகிறது. அந்த இடத்தில் எலும்பு முறிந்தால் நரம்பும் அடிபடலாம். அப்போது மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். முழங்கையின் உட்பக்க முண்டுக்குப் பின்னால் அல்னர் நரம்பு. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிப்பது அதனால்தான்.

மூட்டுகளை நான் படங்களைப் பார்த்துப் படிக்கவே இல்லை. முழங்கையை மடக்கி, அதன் வெளிப்பக்க முண்டுக்குச் சற்றுக் கீழே மறுகையின் கட்டைவிரலை அழுத்தி வையுங்கள். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பினால் முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் தலை சுழல்வது விரலுக்குத் தெரியும். முளை மூட்டு என்பது அதுதான். தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகளே என்றாலும் தோளின் கிண்ணம் ரொம்ப மேலோட்டமானது, கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. அதனால் தோள் எல்லாப் பக்கமும் வீசும், எளிதில் விலகியும் போகும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது, உடம்பின் எடையைத் தாங்குவது.

வைவாவில் எனக்கு வந்தது ஸ்காபுலா. பக்கம் சொன்னதும் மேடம், "கையைத் தலைக்கு மேல தூக்கறப்ப இதுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். 180 டிகிரியில் ஏறக்குறைய 120 தோள்மூட்டிலும், மீதி 60 ஸ்காபுலா விலா மேல் சுழல்வதாலும் கிடைக்கிறது. தோழியின் ஸ்காபுலாவின் கீழ்முனையில் விரல் வைத்து, அவள் கையைத் தூக்கத் தூக்க அது பக்கவாட்டில் நகர்வதைப் பலமுறை பார்த்திருந்ததால் தயங்காமல் சொன்னேன். பிறகு காறை எலும்பு எங்கே அதிகம் முறியும் என்று கேட்டார். உட்புற மூன்றில் இரண்டு பங்கும் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கும் சேரும் இடத்தை என் தோளிலேயே தொட்டுக் காட்டினேன். அத்தோடு அனுப்பிவிட்டார்.

பழைய செட் வாங்குபவர்கள் ஃபிபுலாவின் கீழ்முனை உடையாமல் இருக்கிறதா, ஸ்காபுலாவின் மெல்லிய நடுப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.