கலோவின் பிரபுவும் பிச்சைக்காரரும்: மூன்றாவது வாரம்

செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, அச்செடுத்த ஓவியர் ழாக் கலோவை (1592–1635) மூன்று வாரமாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பிரான்சில் உள்ள, அப்போது தனிச் சிற்றரசாக இருந்த லொரேனின் நான்சி நகரத்துக்காரர். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில், அதை ஆண்ட மெதிச்சி குடும்பத்திடம் பார்த்த வேலை 1621-ல் முடிந்து ஊர் திரும்பியபின், அடுத்த சில வருடங்களில் இரண்டு வரிசைகள் செய்தார்: பிரபுக்கள் 12 தகடு, பிச்சைக்காரர்கள் 25 தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கையகலம்தான்.

தொடங்கும்போது என் கணக்கு இது: பிரபுவுக்கு நேர்த்தியான கோடு, பிச்சைக்காரருக்குக் கிறுக்கல். நிப் பேனாவில் ஆறு தாள் வீணான பிறகுதான் பிடிபட்டது. பட்டு மேலங்கிக்கும் கந்தலுக்கும் அவர் போடுவது அதே நீளக் கோடுதான். நடுவில் தடித்து, நுனியில் மெலியும். வீணை போன்ற லூட் வாத்தியம் செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷைச் செப்புத் தகட்டில் பூசி, சாய்வாக வெட்டிய முனையுள்ள ஊசியைத் திருப்பித் திருப்பிக் கீறியிருக்கிறார். எனக்கு நிப்பை அழுத்தி விடுவதுதான் வழி.

சரி, கோடு ஒன்றுதான் என்றால் அந்தஸ்து எங்கே தெரிகிறது? நான் சோம்பேறித்தனமாக விட்டுவைத்த பின்னணியில். பிரபுவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குள், எறும்பளவு மனிதர்களும் கட்டடங்களும். அதை விட்டுவிட்டு வரைந்த முதல் நகலில் அவர் வேஷம் போட்ட நாடகக்காரர் மாதிரி நின்றார். எறும்புகளை வைத்ததும் வளர்ந்துவிட்டார். பிச்சைக்காரருக்கோ பெரும்பாலும் காலடியில் நாலைந்து நிழல் கோடு, அதற்கப்புறம் வெறும் காகிதம். ஊரும் இல்லை, ஆளும் இல்லை.

விளையாட்டாக அந்த எறும்புக் கூட்டத்தை ஊன்றுகோல் கிழவருக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். கந்தல் அப்படியே இருக்க, மனிதர் தளபதி ஆகிவிட்டார்! மனைவியிடம் காட்டியபோது “எந்த நாட்டு ராஜா?” என்றாள்.

கலோவுக்கும் இந்தக் குறும்பு உண்டு. பிச்சைக்காரர் வரிசையின் முதல் தகட்டில் ஒருவர் கொடி பிடித்து நிற்கிறார். கொடியில் ‘கப்பித்தானோ தெ பரோனி’, அதாவது பரோனிகளின் தலைவன். பரோனி என்றால் இத்தாலியத்தில் பிரபுக்கள், போக்கிரிகள் இரண்டும்தான்.

அந்தக் கொடிக்காரரை அக்ரிலிக் ஷீட்டில் காம்பஸ் முள்ளால் கீறி, மை தடவி, கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்தேன். கீறலின் ஓரப் பிசிறு மையை இழுத்துக் கோட்டைக் கலங்கடித்தது. கந்தலுக்கு அது பிரமாதம், பட்டுக்கு ஆகாது. ஆனால் கொடி எழுத்து முழுக்க இடவலம் மாறி, வலமிருந்து இடம். அச்சில் எல்லாம் திரும்பி விழும் என்பதை மறந்தே போனேன். வரும் ஞாயிறு மூலப் படத்தின் பிரின்ட் அவுட்டை ஷீட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்து மறுபடி கீற வேண்டும்.