ஊரைப் பார்த்து நிற்கும் கோட்டை

கோட்டை என்றால் மலையுச்சியிலோ எல்லைப்புறத்திலோ இருக்கும் என்று நினைத்துப் பழகியவன் நான். அதனால் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் டிராம் தண்டவாளத்தையும் கடைத்தெருவையும் ஒட்டி, லேயே ஆற்றின் அருகே கிராவென்ஸ்டேன் கோட்டை எழுந்து நிற்பதைக் கண்டபோது, இதை யாருக்கு எதிராகக் கட்டினார்கள் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது.

விடையின் ஒரு பகுதி அதன் பெயரிலேயே இருக்கிறது. 'ஸ்டேன்' என்றால் கல். 'கிராவென்ஸ்டேன்' என்பது கோமகன்களின் கல்மாளிகை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கம்பளித் துணித் தொழிலால் செல்வம் கொழித்த கெண்ட் நகரின் பெருவணிகர்கள், மற்றவர்கள் மரவீடுகளில் வாழ்ந்த காலத்தில், தங்களுக்குக் கோபுரம் போன்ற கல்வீடுகளை எழுப்பிக்கொண்டார்கள். அவற்றையும் ஊரார் 'ஸ்டேன்' என்றே அழைத்தார்கள். பணம் சேரச் சேர ஆள்பவருக்கு அடங்கும் குணம் குறைவது எங்கும் உள்ளதுதான். கெண்ட் அடங்கிய ஃபிளாண்டர்ஸ் பகுதியை ஆண்ட கோமகனான அல்சாஸ் பிலிப் 1180இல், அந்த வீடுகள் எல்லாவற்றையும் சிறுமைப்படுத்தும் உயரத்தில், தூர்னே பகுதியின் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் இக்கோட்டையைக் கட்டினார். வெளிப்பகையைவிட உள்ளூர்ச் செல்வர்களை மிரட்டுவதே அதன் முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

வாயிலின் மேலுள்ள லத்தீன் கல்வெட்டு கட்டியவரின் பெயரையும் ஆண்டையும் சொல்கிறது. அதற்கு மேல் சிலுவை வடிவில் ஒரு திறப்பு இருக்கிறது; பிலிப் சிலுவைப்போருக்குச் சென்று வந்ததன் அடையாளம் அது என்பார்கள். மீண்டும் ஒரு முறை புனித பூமிக்குப் போன அவர், 1191இல் அங்குள்ள ஆக்கர் நகர முற்றுகையின்போது இறந்தார். அவர் கட்டுவதற்கு முன்பே கோட்டை நிற்கும் இடத்தில் ஒரு கல்மாளிகை இருந்தது. அதைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டு மேலே கட்டியதால், பழைய சுவர்கள் இன்றும் நிலவறையில் தெரிகின்றன.

பதினான்காம் நூற்றாண்டில் கோமகன்கள் வசதியான வேறு மாளிகைக்குக் குடிபெயர்ந்த பிறகு, இது நாணயச்சாலையாகவும் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தனியார் கைக்குப் போய்ப் பஞ்சாலையானது. தொழிலாளர் குடும்பங்களின் வீடுகள் மதிலோடு ஒட்டி முளைத்தன. எனக்கு அதிகம் பிடித்த காலம் இதுதான், ஆனால் அதன் சுவடே இன்று இல்லை. பின்னர் புதுப்பிக்க வந்த கட்டடக் கலைஞர் யோசஃப் டி வாலே, இடைக்காலக் கோட்டை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாம் கருதினாரோ அப்படியே அதை மீட்டெடுத்தார். 1907இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அக்கோட்டையில் நாம் வியந்து படமெடுக்கும் பலவும் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுப் பழமையே உடையவை.

இக்கோட்டை கண்ட முற்றுகைகளில் நகரத்தார் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வது 1949 நவம்பர் 16ஆம் தேதி நடந்ததைத்தான். பீர் விலை ஏறியதைக் கண்டித்து 138 மாணவர்கள் உள்ளே புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, கீழே நின்ற காவலர்கள் மீது அழுகிய பழங்களை வீசினார்கள். கடைசியில் காவலர்கள் ஏணி வைத்து மதிலேற வேண்டியதாயிற்று. ஊர் மாணவர்கள் பக்கம் இருந்ததால் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் அந்த நாளைக் கெண்ட் மாணவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.